குதிக்கால் கொப்புளம் உண்மையில் எப்படி உண்டாகிறது?

சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகும் பருவம் டிசம்பர் போயா (முழுநிலா) நாளில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீள்கிறது. அந்த மாதங்களில் திருகோணமலையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு குழுவிலும் அறிவுரைக்குப் பஞ்சமிருக்காது. "ஒரு அளவு பெரிதாக வாங்கு, கால் வீங்கும்." "வஸ்லின் பூசிக்கொள், கடிக்காது." "லேஸை மூச்சுவிடாமல் இறுக்கிக் கட்டு." "புதுச் சப்பாத்து கடிக்கத்தான் செய்யும். இரண்டு தரம் கொப்புளம் உடைந்தால் கால் பழகிவிடும்." எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இவற்றில் சில முழுத் தவறு, சில அரைகுறை. கொப்புளம் எப்படி உண்டாகிறது என்பதையே நம்மில் பெரும்பாலானோர் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறோம். அந்த ஒன்று தெளிந்தால், எந்த அறிவுரையை எடுப்பது, எதை விடுவது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

சிராய்ப்பும் கொப்புளமும் ஒன்றல்ல

சப்பாத்து தோலின் மேல் தேய்கிறது, தேய்வதால் சூடாகிறது, சூட்டினால் கொப்புளம் வருகிறது என்பது பரவலான நம்பிக்கை. இது உண்மையென்றால் முதலில் கெட வேண்டியது தோலின் மேற்பரப்பு. சீமெந்துத் தரையில் முழங்கால் உரசினால் அப்படித்தான் ஆகிறது. மேல்தோல் உரிந்து, செந்நிறமாகத் தெரிந்து, நீர் கசிகிறது. அது சிராய்ப்பு.

ஒரு புதிய குதிக்கால் கொப்புளத்தை வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். மேலே கூரைபோல நிற்கும் தோலில் கீறல் இருக்காது. தோலுக்கு இயல்பாக உள்ள நுண்ணிய கோடுகள்கூட அழியாமல் இருக்கும். விரலால் மெல்லத் தொட்டால் அந்தக் கூரைக்கு அடியில் நீர் அசைவது தெரியும். மேலே ஒன்றும் கெடவில்லை, கெட்டது உள்ளே. மேற்பரப்பில் நடக்கும் தேய்ப்பு மட்டும் உள்ளே இப்படிப் பிளவை உண்டாக்கியிருக்க முடியாது.

வட்டிலப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

தட்டில் கவிழ்த்த வட்டிலப்பத்தின் (தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த மென்மையான இனிப்பு) மேல் உள்ளங்கையை மெதுவாக வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையை அசைக்காமல் தட்டை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வட்டிலப்பத்தின் மேற்பகுதி கையோடு ஒட்டி நிற்கும். அடிப்பகுதி தட்டோடு போகும். நடுப்பகுதி ஒருமுறை இப்பக்கம் சாயும், மறுமுறை அப்பக்கம் சாயும். கை எங்கும் வழுக்கவில்லை, எதையும் தேய்க்கவில்லை. ஆனாலும் பல தடவை அசைத்தபின் வெடிப்பு விழுவது நடுவில்தான்.

குதிக்காலில் நடப்பதும் இதுவே. தட்டின் இடத்தில் குதிக்கால் எலும்பு இருக்கிறது. கையின் இடத்தில் காலுறையும் சப்பாத்தின் உட்புறத் துணியும் இருக்கின்றன. நடுவில் அகப்பட்டுக்கொள்வது தோல்.

உங்கள் கையிலேயே சோதித்துப் பார்க்கலாம். இடது புறங்கையில் வலது கைச் சுட்டுவிரலை அழுத்தி வையுங்கள். விரல் வழுக்காதபடி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தோல் விரலோடு சேர்ந்து நகரும், எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கும். தோலின் மேல்பக்கம் ஒரு திசையிலும் அடிப்பக்கம் வேறு திசையிலும் இழுபடுவதை இக்கட்டுரையில் உள்ளிழுவை என்று அழைக்கிறேன்.

நம் தோலின் வெளி அடுக்குக்கு மேற்றோல் என்று பெயர். அதன் உச்சியில் இறந்த கலங்களாலான கெட்டியான படலமும், அதற்குக் கீழே உயிருள்ள கலங்களும் உள்ளன. உள்ளிழுவை ஓர் எல்லையைத் தாண்டித் திரும்பத் திரும்ப நிகழும்போது அந்த உயிருள்ள கலங்களுக்கு இடையே பிளவு உண்டாகிறது. சுற்றியுள்ள இழையத்திலிருந்து கசியும் நீர் அந்தப் பிளவை ஓரிரு மணி நேரத்தில் நிரப்புகிறது. நடக்கும்போது எரிச்சலாக மட்டும் இருந்த இடம், இறங்கி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது உப்பி நிற்பது இதனால்தான்.

கொப்புளம் ஏன் குதிக்காலிலும் பாதத்திலும் உள்ளங்கையிலும் அதிகம் வருகிறது என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. அங்கெல்லாம் மேலுள்ள கெட்டிப் படலம் தடிப்பானது. அது கிழியாமல் கூரையாக நின்றுவிடுவதால் கீழே நீர் தேங்குகிறது. தோல் மெல்லிய இடங்களில் கூரையே நிற்காது, நேரே சிராய்ப்பாகிவிடும்.

செல்வச்சந்நிதியிலிருந்து திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்களில் பலர் வெறுங்காலுடன் நடப்பவர்கள். அவர்களுக்குப் பாதத்தின் அடியில் கொப்புளம் வரலாம், தார் வீதி சுடலாம். குதிக்காலின் பின்புறத்தில் மட்டும் வராது. அங்கே தோலைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை. எலும்பு அசையும்போது தோலும் கூடவே போகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், கொப்புளத்துக்கு மூன்று நிபந்தனைகள் ஒன்றுசேர வேண்டும். தோலை ஏதோ ஒன்று பிடித்து நிறுத்த வேண்டும். உள்ளே எலும்பு அசைய வேண்டும். அது பல நூறு தடவை நிகழ வேண்டும். மூன்றில் ஒன்றை உடைத்தாலே கொப்புளத்தைத் தடுக்கலாம்.

குதிக்கால் ஏன் எழும்புகிறது

ஓர் அடி எடுத்து வைக்கும்போது பாதம் விரல்களின் அடிமூட்டில் மடிகிறது. குதிக்கால் மேலே கிளம்புகிறது. சாதாரணச் செருப்பும் மெல்லிய சப்பாத்தும் பாதத்தோடு சேர்ந்து மடிந்துவிடும். மலையேற்றச் சப்பாத்தின் அடி தடிப்பானது, கல்லும் படியும் குத்தாமலிருக்க வேண்டுமென்றே விறைப்பாகச் செய்யப்பட்டது. அது உடனே மடிவதில்லை. ஆகவே குதிக்கால் எழும்பியபின் ஒரு கணம் தாமதித்துத்தான் சப்பாத்து எழும்புகிறது. இந்தத் தாமதத்தில் குதிக்கால் உள்ளே மேலும் கீழும் போய்வருவதையே குதிக்கால் வழுக்கல் என்கிறோம்.

ஒரு கிலோமீற்றர் நடக்க ஏறக்குறைய 1,300 முதல் 1,500 அடிகள் தேவை. அதில் பாதி ஒரு காலுக்கு. அதாவது ஒவ்வொரு குதிக்காலும் ஒரு கிலோமீற்றருக்குள் 650 முதல் 750 தடவை இந்த இழுபறியைச் சந்திக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் நிலைமை இன்னும் மோசம். கணுக்கால் அதிகம் மடிய வேண்டியிருப்பதால் குதிக்கால் சீக்கிரமாகவும் உயரமாகவும் கிளம்புகிறது. 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலைக்குப் படியேறுபவர்களுக்குக் கொப்புளம் பெரும்பாலும் ஏற்றத்தில் வருவது இதனால்தான். இறக்கத்தில் பாதம் முன்னுக்கு ஓடுவதால் விரல்நுனியும் நகமும் வலிக்கும். கெண்டைக்கால் தசை இறுகியிருப்பவர்களுக்குச் சமதரையிலும் குதிக்கால் முந்திக் கிளம்பும். தினமும் சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிக்காலைத் தரையில் பதித்துக் கெண்டைக்காலை நீவி இழுக்கும் பயிற்சி, விலையுயர்ந்த சப்பாத்தைவிடச் சிலருக்கு அதிகம் உதவும்.

புதிய விறைப்பான சப்பாத்தில் சில மில்லிமீற்றர் வழுக்கல் இருப்பது இயல்பு. அடி மடியப் பழகியதும் அது குறையும். லேஸை ஒழுங்காகக் கட்டியும் குதிக்கால் ஒரு விரல் தடிப்பு அளவுக்கு எழும்புகிறது என்றால் அந்தச் சப்பாத்து உங்கள் காலுக்கு உரியதல்ல. பழகிப்போகும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒரு அளவு பெரிதாக வாங்கலாமா?

கால் வீங்குவது உண்மை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலைத் தெருவில் மத்தியானம் நடந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அளவைக் கூட்டினால் நீளம் மட்டும் கூடுவதில்லை, குதிக்கால் இருக்கும் இடமும் அகலமாகிறது. சப்பாத்து மடியும் கோடும் பாதம் மடியும் கோடும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. வீக்கத்துக்கு இடம் விடப்போய் வழுக்கலை விலைக்கு வாங்குகிறோம்.

மாலையில், கால் ஏற்கெனவே சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலைக்குப் போடப்போகும் அதே காலுறையோடு போய் அளவு பாருங்கள். லேஸைக் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளி விரல்கள் நுனியைத் தொடும்படி நில்லுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைந்தால் நீளம் சரி. இரண்டு விரல் நுழைந்தால் பெரிது. பிறகு லேஸைக் கட்டி, கடையில் படி இருந்தால் ஏறி இறங்குங்கள். சமதரையில் நான்கு அடி நடந்துவிட்டு வாங்குவது போதாது.

சப்பாத்தின் பின்பக்கத்தில், குதிக்காலைச் சுற்றி, உள்ளே ஒரு விறைப்பான தகடு வைத்துத் தைத்திருப்பார்கள். பெருவிரலால் வெளியிலிருந்து அழுத்திப் பாருங்கள். எளிதில் அமுங்கிப் போனால் அது குதிக்காலைப் பிடித்து வைக்காது. நடைபாதையில் விற்கும் பாவித்த சப்பாத்து வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன்னைய சொந்தக்காரர் லேஸை அவிழ்க்காமல் குதிக்காலால் மிதித்து மிதித்துப் போட்டிருந்தால் அந்தத் தகடு உடைந்திருக்கும். உட்புறத் துணியில் குதிக்கால் படும் இடம் கிழிந்தோ பளபளப்பாகத் தேய்ந்தோ இருந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

லேஸ்: எங்கே இறுக்கம், எங்கே தளர்வு

முழு லேஸையும் ஒரே மாதிரி இறுக்குவதால் பயன் குறைவு. விரல்கள் மரத்துப்போகும், பாதத்தின் மேல் எலும்பு வலிக்கும். இவ்வளவுக்குப் பிறகும் குதிக்கால் எழும்பும். குதிக்காலைப் பிடிக்க வேண்டிய இடம் விரல்களுக்கு மேலே அல்ல. பாதம் முடிந்து கணுக்கால் தொடங்கும் அந்த மடிப்பில். அங்கே சப்பாத்து இறுகினால் பாதம் பின்னோக்கித் தள்ளப்பட்டு, குதிக்கால் தன் இடத்தில் அமர்ந்துவிடும்.

நின்றுகொண்டு கட்டாமல் உட்கார்ந்து கட்டுங்கள். சப்பாத்தைப் போட்டதும் குதிக்காலைத் தரையில் இரண்டு மூன்று தடவை தட்டி, பாதம் முழுவதையும் பின்னுக்குக் கொண்டுவாருங்கள். விரல் பகுதியில் லேஸ் தளர்வாகவே இருக்கட்டும். பாதத்தின் மேல்மேட்டை அடைந்ததும் இரு முனைகளையும் வழக்கம்போல் ஒரு சுற்றுச் சுற்றாமல் இரண்டு சுற்றுச் சுற்றி இழுங்கள். இந்த இரட்டைச் சுற்று, மேலே உள்ள இறுக்கம் கீழேயும் கீழே உள்ள தளர்வு மேலேயும் போகாமல் பூட்டிவிடும்.

அடுத்தது குதிக்கால் பூட்டு. மேலே இரண்டு துளைகள் மீதமிருக்கும்போது, லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்தில் உள்ள மேல் துளைக்குள் விடுங்கள். இரு பக்கமும் இப்படிச் செய்தால் இரண்டு சிறிய வளையங்கள் கிடைக்கும். இப்போது வலப்பக்க லேஸை இடப்பக்க வளையத்துக்குள்ளும் இடப்பக்க லேஸை வலப்பக்க வளையத்துக்குள்ளும் நுழைத்து, இரண்டையும் கீழ்நோக்கிச் சேர்த்து இழுங்கள். கணுக்கால் மடிப்பு பின்பக்கமாக அணைக்கப்படுவதை உடனே உணர்வீர்கள். பிறகு வழக்கமான முடிச்சுப் போடலாம். ஓட்டச் சப்பாத்துகளில் மேலே தனியாக இருக்கும், யாரும் தொடாத அந்தக் கடைசித் துளை இதற்காகத்தான்.

ஹட்டன் வரையான நீண்ட பஸ் பயணத்தில் கால் தொங்கவிட்டபடி இருந்து வீங்கிப்போகும். வீட்டில் கட்டிய கட்டோடு படியேறாதீர்கள். பஸ்ஸில் லேஸைத் தளர்த்தி வைத்து, ஏற்றம் தொடங்கும் நல்லதண்ணியில் இறங்கியதும் புதிதாகக் கட்டுங்கள். உச்சியில் மறுபடியும் ஒரு தரம். இறக்கத்தில் பாதம் முன்னுக்கு ஓடும். கணுக்கால் மடிப்பு சற்றுக் கூடுதலாக இறுகினால் நகங்கள் தப்பும்.

லேஸ் சரியாக இருந்தும் பாதத்துக்கு மேலே இடம் மிஞ்சுகிறதா? சப்பாத்தின் நாக்குக்கு அடியில் மெல்லிய பஞ்சுத் திண்டு ஒன்றை வையுங்கள். பலர் குதிக்காலுக்கு அடியில் திண்டு வைக்கிறார்கள். அது குதிக்காலை அந்த விறைப்பான தகட்டின் பிடியிலிருந்து மேலே தூக்கி, வழுக்கலைக் கூட்டிவிடவும் கூடும்.

எங்கே சறுக்கினால் நல்லது

கொப்புளம் பற்றி நம்பக் கடினமான பகுதி இதுதான். சறுக்கல் எல்லா இடத்திலும் கெட்டதல்ல. தோல் காலுறையோடு ஒட்டி, காலுறை சப்பாத்தோடு ஒட்டி, எலும்பு மட்டும் அசைந்தால் முழு இழுவையும் தோலுக்குள்தான் நடக்கும். இடையில் எங்காவது ஓர் அடுக்கு வழுக்கிவிட்டால் தோல் தப்பிக்கும்.

இரண்டு காலுறை போடும் பழக்கத்தின் தத்துவம் இது. உள்ளே காலோடு ஒட்டும் மெல்லிய காலுறை, மேலே சற்றுத் தடித்த காலுறை. அசைவு இரண்டு துணிகளுக்கும் இடையில் நடக்கும். ஆனால் இரண்டுமே தடித்த பருத்திக் காலுறைகளாக இருந்தால் எதிர்விளைவுதான். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. ஈரமாகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், மடிப்பும் விழும். சப்பாத்துக்குள் இடமும் போய்விடும். கம்பளி கலந்ததோ செயற்கை இழையோ நல்லது.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்? தோலின் உராய்வைப் பற்றி நெய்லர் என்ற ஆய்வாளர் 1955இல் வெளியிட்ட சோதனைகள், முற்றிலும் உலர்ந்த தோலிலும் நன்றாக நனைந்த தோலிலும் பிடிப்புக் குறைவு, இடைப்பட்ட ஈரத்தில் பிடிப்பு அதிகம் என்று காட்டின. வியர்வை கசியும் கால் சரியாக அந்த இடைப்பட்ட ஈரத்தில்தான் இருக்கிறது. வஸ்லின் போன்றவை முதலில் பிடிப்பைக் குறைக்கும். நேரம் போகப் போக அந்தப் பயன் குறைந்து, பிடிப்பு முன்பைவிட அதிகரிக்கவும் செய்யும். சிறு தூரத்துக்குப் பரவாயில்லை. நீண்ட நடைக்கு இடையிடையே துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.

வியர்வையையே நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்க இராணுவக் கல்லூரி மாணவர்களிடம் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வியர்வை தடுக்கும் மருந்தைக் குறைந்தது மூன்று இரவுகள் பாதத்தில் பூசியவர்களில் 21 சதவீதத்தினருக்கே 21 கிலோமீற்றர் நடைக்குப்பின் கொப்புளம் வந்தது. மருந்தில்லாத வெறும் பூச்சைப் பூசியவர்களில் அது 48 சதவீதம். ஆனால் மருந்து பூசியவர்களில் 57 சதவீதத்தினருக்குத் தோல் எரிச்சல் உண்டானது. இந்த வியாபாரத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றுக் காலுறை ஒரு சோடி கொண்டுபோய், வழியில் கால் உலர விட்டு மாற்றுவது போதும்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்கரையில் நடந்து பயிற்சி எடுப்பவர்களின் காலுறைப் பின்னலுக்குள் மணல் ஏறிவிடும். உதறினால் போகாது. உட்புறத்தை வெளியே புரட்டித் துவைத்துக் காயவைக்க வேண்டும். வஸ்லின் பூசிய காலில் மணல் ஒட்டினால் அது அரத்தாளாகவே மாறும். மற்றது கன்னியா வெந்நீர்க் கிணறுகள். நடைக்குப் பின் அங்கே குளிப்பது சுகம். நடைக்கு முன் வேண்டாம். நீரில் ஊறி மென்மையான தோல் உள்ளிழுவையைத் தாங்காது. உடைந்த கொப்புளத்தோடும் அங்கே போகாதீர்கள், கிருமி தொற்றலாம்.

புதுச் சப்பாத்தைப் பழக்க, பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவிலுக்கு ஏறும் வீதியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மான்கள் திரியும் அந்த நிழலில் ஏற்றமும் இறக்கமும் ஒருங்கே கிடைக்கின்றன. முதலில் வீட்டுக்குள், பிறகு கடைவீதிக்கு, பிறகு இந்த ஏற்றம் என்று சில வாரங்களில் தூரத்தைக் கூட்டுங்கள். படிப்படியாகக் கிடைக்கும் இழுவையைத் தோல் தாங்கப் பழகும். கொப்புளம் வந்து உடைவது தோல் பழகியதற்கு அடையாளமல்ல, அது வெறும் காயம்.

ஒட்டும் டேப்

பாமசியில் மலிவாகக் கிடைக்கும், மருத்துவக் கட்டுகளுக்குப் பாவிக்கும் பேப்பர் டேப் நல்ல துணை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட முதல் ஆய்வில் அதன் பயன் தெளிவாகத் தெரியவில்லை. 2016இல் வெளியிட்ட ஆய்வில், பல நாள் ஓடும் 250 கிலோமீற்றர் போட்டியில் டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. புறப்படும் முன், உலர்ந்த தோலில், சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டினால் உரியாது. வியர்த்த பின் ஒட்டினால் அரை மணி நேரத்தில் சுருண்டு, அதுவே தொல்லையாகும்.

எரிச்சல் தொடங்கினால்

கொப்புளத்துக்கு முன் ஓர் எச்சரிக்கை வரும். குதிக்காலில் ஒரு நாணய அளவு இடம் சூடாகவும் கூச்சமாகவும் இருக்கும். தோல் சிவந்திருக்கும், உப்பியிருக்காது. பிளவு இன்னும் முழுமையாக உண்டாகவில்லை. உடனே நில்லுங்கள். கூட வருபவர்கள் "இன்னும் கொஞ்சத் தூரம்தான்" என்றாலும் நில்லுங்கள். சப்பாத்தைக் கழற்றி, மணலைத் தட்டி, காலை உலர்த்தி, டேப் ஒட்டி, காலுறையை மாற்றி, லேஸைப் புதிதாகக் கட்டுங்கள்.

கொப்புளம் வந்துவிட்டால், சிறிதாகவும் வலியில்லாமலும் இருந்தால் தொடாதீர்கள். அதன் கூரையைவிடச் சுத்தமான கட்டு இல்லை. பெரிதாகி, வலித்து, இன்னும் நடந்தே ஆக வேண்டுமென்றால், கையையும் இடத்தையும் சவர்க்காரத்தால் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி, நீரை மெல்ல வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்காமல் பிளாஸ்டர் போடுங்கள். நீர் மஞ்சளாகக் கலங்கினாலோ, சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ வைத்தியரிடம் போக வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் கொப்புளத்தைத் தாங்களாகக் குத்தவே கூடாது, சிறியதானாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அவர்களில் பலருக்குப் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கும். மேலே சொன்ன அந்த எச்சரிக்கை எரிச்சலே தெரியாமல் போகலாம். வீட்டுப் பெரியவர்களை மலைக்கு அழைத்துப் போகிறவர்கள், ஒவ்வொரு தரிப்பிலும் அவர்களின் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, குதிக்காலைக் கண்ணால் பாருங்கள். "வலிக்கவில்லை" என்று அவர்கள் சொன்னாலும் பாருங்கள்.